பாணந்துறை வரை

நாலாம் மாடியிலிருந்து இறங்கும் செம்மஞ்சள் வயர்
என் யன்னலைத் தாண்டித்தான் போகும்.
இரவு பத்தரைக்கு
குலேந்திரன் அண்ணை பல்கனியில் நின்று
கிணற்றில் வாளி விடுகிறவர் போல
கொஞ்சம் கொஞ்சமாய் விடுவார்.
மூன்றாம் மாடியின் ஈரச் சாரம்,
என் கறிவேப்பிலைச் சட்டி,
முதலாம் மாடி ஃபரீனாவின் கிளிக்கூடு,
எல்லாவற்றிலும் தட்டுப்பட்டு
கீழே காவலாளி சோமபாலவின் கையில் சேரும்.

ஆவணியில் வந்தது அந்தக் கார்.
மழைக்கு முந்தின வெள்ளவத்தைக் கடலின் சாம்பல்.
மற்றக் கார்களுக்கு மூக்கும் பல்லும் உண்டு.
இதற்கு வாயே இல்லை,
நெற்றியில் ஒற்றைக் கோடாய் வெளிச்சம் மட்டும்.
கதவுக்குக் கைபிடி எங்கே என்று தடவினேன்.
அதுவாக வெளியே வந்தது,
கைகொடுக்க வந்த புது மாப்பிள்ளை மாதிரி
கொஞ்சம் வெட்கத்தோடு.

“ஜீப்பா அண்ணை, காரா?”
“ரெண்டுக்கும் நடுவில.”

உள்ளே மணல் நிற இருக்கை.
பழைய பிளாஸ்டிக் போத்தலில் நெய்ததாம்,
தொட்டால் முயல்.
பொத்தான் என்று ஒன்றுகூட இல்லை,
என் மாப்பலகை அளவில் ஒரு திரை.
கூரை முழுக்கக் கண்ணாடி.
காலி வீதியின் கம்பிகளும் காகங்களும்
மடியில் விழுந்து விழுந்து போயின.
சத்தம் இல்லை.
சத்தமே இல்லாததால்
பின்னால் இருந்த அவர் மனைவி விட்ட பெருமூச்சு
எல்லோருக்கும் கேட்டது.
லீசிங். அறுபது மாதம்.

ஒருமுறை நிரப்பினால்
நானூற்று முப்பது கிலோமீட்டர்.
மகள் எடுத்த மார்க்கைப் போல
லிஃப்டில் ஏறுகிறவர் எல்லோருக்கும் சொன்னார்.
அவருடைய கந்தோர் கொள்ளுப்பிட்டியில்.
போக ஐந்து, வர ஐந்து.
மிச்சம் நானூற்று இருபதையும்
கலியாணச் சேலை போல
மடித்தே வைத்திருந்தார்.

கமிட்டி கடிதம் போட்டது, மூன்று மொழியிலும்:
பொதுச் சுவரில் தனியார் வயர் தொங்கலாகாது.
பொய் சொல்லப் போவதில்லை,
நானும் கையெழுத்து வைத்தேன்.
பட்டியலில் ஏழாவது பெயர்.
அவருக்கும் தெரியும்.

பிறகு ஒரு வியாழன் பின்னேரம்
சந்தி டிரான்ஸ்போமர் வெடித்தது.
விடிந்தால் பம்பலப்பிட்டியில் பதிவுத் திருமணம்,
மூன்று தட்டுக் கேக், என் ஓடர்.
இரண்டு தட்டு பிரிட்ஜுக்குள்;
பட்டர் ஐசிங் வியர்க்கத் தொடங்கிவிட்டது.
மூன்றாவது இன்னும் மாவு.
கட்டடத்து ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும்.
மின்சார சபைக்கு எடுத்தால்
“வந்துகொண்டிருக்கினம்” என்றது ஒரு குரல்,
எங்கிருந்து என்று சொல்லாமல்.

எட்டரைக்கு யன்னலில் வயர் ஆடியது.
இந்தமுறை கீழேயிருந்து.
சோமபால எறிய எறிய
மூன்றாம் தரம் பிடித்தேன்.
வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கவும்
அந்தக் காருக்குத் தெரியுமாம்.
பிரிட்ஜ் முனகிக்கொண்டு எழும்பியது.
ஓவனைப் போட்டேன்.

ஒழுங்கை முழுக்க இருட்டு.
கீழே திரை வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும்,
பால் பொங்கப் பார்த்திருப்பவர் போல.
பத்தரைக்குக் கத்தினார்:
“தங்கச்சி, பதினெட்டுக் கிலோமீட்டர் போட்டுது!”

பதினெட்டு என்றால் பாணந்துறை.
என் மூன்றாம் தட்டு
இருந்த இடத்தில் இருந்தபடியே
தெகிவளை, கல்கிசை, மொறட்டுவை கடந்து
பாணந்துறையில் போய்ப் பொங்கியிருக்கிறது.
அதுவரைக்கும் அந்தக் கார்
ஒரே மூச்சில் போன ஆகக் கூடிய தூரம் அதுதான்.

காசு எவ்வளவு என்று கேட்டேன்.
கேட்காதது போல இருந்தார்.
கேக்கில் வெட்டி எடுத்த ஓரங்களை
ஷொப்பிங் பையில் போட்டு
வயர் நுனியில் கட்டி இறக்கினேன்.
காருக்குள் இருந்தே தின்றார்.
கை துடைக்கவில்லை போலும்:
காலையில் பார்த்தால்
திரையில், அந்த இலக்கத்துக்கு மேலே,
பட்டர் பெருவிரல் ஒன்று.

கடிதம் இன்னும் அறிவித்தல் பலகையில் இருக்கிறது,
ஏழாவது பெயரோடு.
சனிக்கிழமை நான்
கறிவேப்பிலைச் சட்டியை
ஒரு சாண் தள்ளி வைத்தேன்.